சாயவேரும் நூல் நிலையமும்

நாவல் எழுதுகிறவனுக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி பாராட்டு. மீதிக் கால்வாசி வசவு. இரண்டையும் ஏறக்குறைய ஒரே அலட்சியத்தோடு மடித்து மேஜை அறைக்குள் போட்டுவிடலாம். ஆனால் எப்போதாவது ஒரு கடிதம் வரும். அதில் பாராட்டும் இராது, வசவும் இராது. ‘நீர் எழுதியது தப்பு’ என்று மட்டும் இருக்கும். அந்தக் கடிதம் தூங்கவிடாது.

அப்படி ஒரு கார்டு இருபத்தைந்து வருஷங்களுக்கு முன் எனக்கு வந்தது. அப்போது என்னுடைய சரித்திர நாவல் ஒன்று வெளியாகியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் நம் கிழக்குக் கரையில் வாழ்ந்த ஒரு சாயக்காரன் அதில் வருகிறான். திண்ணையில் உட்கார்ந்து துணியில் பூ எழுதுவது அவன் தொழில். மூங்கில் எழுதுகோலைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்து மாதுளம் பூவின் இதழ்களை ஒவ்வொன்றாகத் தீட்டினான் என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தேன். எழுதியபோது அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு தடவை உரக்கப் படித்துக்கூடப் பார்த்துக்கொண்டேன்.

கார்டு கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்தது. கொட்டை எழுத்தில், பென்சிலால் எழுதியிருந்தது. ‘தங்கள் கதையைப் பேத்தி படிக்கக் கேட்டேன். நன்றாயிருக்கிறது. ஆனால் சிவப்பை யாரும் எழுதுவதில்லை. தண்ணீரைத்தான் எழுதுவோம். சிவப்பு அடுப்பில் வரும். எங்களுக்குப் பரம்பரையாக இதுதான் வேலை. தப்பாக நினைக்க வேண்டாம்.’ அவ்வளவுதான்.

சிவப்பு அடுப்பில் வருமாம்! தண்ணீரை எழுதுவார்களாம்! எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜவுளிக் கடை நண்பர் ஒருவரைக் கேட்டேன். “சாயம் போகுமா போகாதா என்று கேளுங்கள், சொல்கிறேன். எப்படி வந்தது என்று கேட்டால் நான் எங்கே போக?” என்றார். சித்திர வாத்தியார் ஒருவரைக் கேட்டேன். அவர் என் வாக்கியம்தான் சரி என்று சொல்லி, எனக்காகப் பெரியவர்மேல் கோபித்துக்கொண்டார். ரசாயனப் பேராசிரியர் ஒருவர் மட்டும், “அது படிகாரத் தண்ணீராக இருக்கும். புத்தகத்தைப் பாருங்கள்” என்றார். எந்தப் புத்தகம் என்று அவர் சொல்லவில்லை.

ஆகையால் ஒரு நாள் காலை எழும்பூருக்குப் போய்க் கன்னிமாரா நூல் நிலையத்தின் வாசலில் நின்றேன்.

சென்னைவாசிகளுக்குக் கன்னிமாராவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. இங்கிலாந்தில், கிழக்கிந்தியக் கம்பெனி தன் உத்தியோகஸ்தர்களைத் தயார்செய்து அனுப்பிய ஹெய்லிபரி கல்லூரி 1858-ல் மூடப்பட்டது. அங்கே மிஞ்சிக் கிடந்த புத்தகங்களில் ஒரு பகுதி கப்பலேறிச் சென்னை மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சிறிய சேமிப்பைச் சுற்றி மெல்ல மெல்ல வளர்ந்ததுதான் இந்த நூல் நிலையம். கவர்னர் கன்னிமாரா பிரபு 1890-ல் அஸ்திவாரக் கல் நாட்டினார். 1896 டிசம்பர் 5-ஆம் தேதி கட்டடம் திறக்கப்பட்டது. இன்றும் அது மியூசியத்தின் வளாகத்திலேதான் இருக்கிறது. ஒரு வாசல் வழியாகப் போனால் சோழர் காலத்து வெண்கலச் சிலைகள். இன்னொரு வாசல் வழியாகப் போனால் அவற்றைப் பற்றிய புத்தகங்கள். கைவேலையும் எழுத்தும் இவ்வளவு பக்கத்தில் குடியிருக்கும் இடம் நம் நாட்டில் அதிகமில்லை.

உள்ளே ஒரு நூலக அம்மாள் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டார்: “உங்களுக்கு வேண்டியது கலையா, தொழிலா, தாவரமா, வியாபாரமா, சரித்திரமா?”

“துணியில் பூ எழுதுகிறவன் வேண்டும், அம்மா” என்றேன்.

“அவன் ஒரே அலமாரியில் இருக்க மாட்டானே” என்றார் அந்த அம்மாள்.

எவ்வளவு உண்மையான வார்த்தை என்பது எனக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. நூல் நிலையங்கள் அறிவைத் துறை துறையாகப் பிரித்து அடுக்குகின்றன. பிரிக்காவிட்டால் லட்சக்கணக்கான புத்தகங்களில் ஒன்றைக்கூட எடுக்க முடியாது. ஆனால் கைத்தொழில்காரன் துறை பிரித்துக்கொண்டு வாழ்ந்தவன் அல்ல. அவன் வரைந்தான், ஆகவே ஓவியன். வேரைக் கொதிக்க வைத்தான், ஆகவே ரசாயனி. எந்த மண்ணில் எந்தச் செடி நன்றாக வரும் என்று அறிந்திருந்தான். ஆகவே தாவரம் தெரிந்தவன். அவன் துணி கப்பலேறியது; ஆகவே வியாபாரத்தில் வருகிறான். அதற்காகச் சீமையில் கலகமும் சட்டமும் பிறந்தன. ஆகவே சரித்திரத்திலும் வருகிறான். ஒரே ஆள் ஐந்து அலமாரிகளில் துண்டு துண்டாகக் கிடந்தான். அவனைப் பொறுக்கிச் சேர்ப்பது என் வேலையாயிற்று. கன்னிமாராவில் தொடங்கி, நகரத்தின் வேறு இரண்டு மூன்று நூல் நிலையங்களுக்கும் அந்த வேலை என்னை இழுத்துப்போயிற்று. ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தேன். ஏழு மாதங்கள் ஆயின.

முதலில் கலை அலமாரி. சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக இருந்த ஹாடவே என்பவர், சென்னை மாகாணத்தில் பருத்தித் துணியில் எழுதும் வேலையையும் அச்சுப் பதிக்கும் வேலையையும் பற்றி 1917-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் உள்ள படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாலே பொழுது போய்விடும். கோயில் விதானங்கள், தேரில் தொங்கும் தொம்பைகள், ராமாயணக் கதையைக் கட்டம் கட்டமாக எழுதிய திரைச்சீலைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. சிறு வயதில் எங்கள் ஊர்த் தேரில் இவற்றையெல்லாம் நான் பார்த்தவன்தான். எவன் எழுதினான் என்று ஒரு நாளாவது கேட்டேனா? இல்லை.

அடுத்தது தொழில் அலமாரி. ஹோல்டர் என்பவர் சென்னை மாகாணத்துச் சாயங்களைப் பற்றி 1896-ல் எழுதிய அறிக்கை அங்கே இருந்தது. கன்னிமாரா திறந்த அதே வருஷம். பெரியவரின் கார்டுக்கு அர்த்தம் எனக்கு இந்த அலமாரியில்தான் புரியத் தொடங்கிற்று.

விஷயம் இதுதான். நெசவிலிருந்து வந்த துணியை வெளுத்து, கடுக்காய்க் கரைசலும் எருமைப்பாலும் கலந்ததில் நனைத்துக் காயப்போடுகிறார்கள். கடுக்காயில் உள்ள துவர்ப்பு நூலைப் பிடித்துக்கொள்கிறது. பாலில் உள்ள கொழுப்பு, பின்னால் எழுதுகிற நீர் பரவிக் கசியாமல் தடுக்கிறது. கறுப்புக் கோடு வேண்டுமென்றால், துருப்பிடித்த இரும்பைப் புளித்த கஞ்சியிலோ வெல்லத் தண்ணீரிலோ நாள் கணக்கில் ஊறப்போட்டு, அந்த நீரால் எழுதுகிறார்கள். இரும்பும் கடுக்காயும் சேர்ந்த இடத்தில் கறுப்பு பிறக்கிறது. சிவப்பு வேண்டுமென்றால் படிகாரத் தண்ணீரால் எழுதுகிறார்கள். அதில் நிறமே கிடையாது. பிறகு துணி முழுவதையும் சாயவேர் போட்ட தண்ணீரில் கொதிக்க வைக்கிறார்கள். படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவப்பைப் பற்றிக்கொண்டு விடுவதே இல்லை. படாத இடத்தில் ஒட்டிய சிவப்பைச் சாணத் தண்ணீரும் வெயிலும் தின்றுவிடுகின்றன. பூ மட்டும் மிஞ்சுகிறது.

ஆகச் சாயக்காரன் சிவப்பை எழுதவில்லை. சிவப்பு வந்து உட்காரப்போகிற இடத்தை எழுதினான். கண்ணுக்குத் தெரியாத பூவை நாள் முழுதும் குனிந்து வரைந்துவிட்டு, அது அடுப்பில் மலரும் என்று நம்பிக் காத்திருந்தான். என் மாதுளம் பூ வாக்கியத்தை நினைத்தபோது எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. சாயவேருக்கு அவசியம் இல்லாமலே என் நாவலில் சிவப்பு வந்துவிட்டது!

மூன்றாவது, தாவர அலமாரி. கம்பெனி உத்தியோகத்தில் இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற வைத்தியர், சோழமண்டலக் கரையின் செடிகளைப் பற்றிய பெரும் புத்தகத்தை 1795 முதல் வெளியிட்டார். முந்நூறு படங்கள், வரைந்தவர்கள் நம் நாட்டுச் சித்திரக்காரர்கள். அதில் முதல் பாகத்திலேயே சாயவேர் வருகிறது. நம் வைத்தியர்கள் இம்பூறல் என்று சொல்லும் செடிதான். மணற்பாங்கான கடற்கரையில் தரையோடு தரையாகக் கிடக்கும். ஏறிட்டுப் பார்க்கத் தோன்றாத செடி. சிவப்பெல்லாம் அதன் வேரில் இருக்கிறது. அக்கரையில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் டச்சுக்காரர்கள் இந்த வேர் தோண்டும் தொழிலையே தங்கள் ஏகபோகமாக்கிக்கொண்டார்கள் என்றால் அதன் மதிப்பைத் தெரிந்துகொள்ளலாம்.

வியாபார அலமாரியும் சரித்திர அலமாரியும் என்னைத் திகைக்க வைத்தன. சீட்டித் துணி என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அது பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், பறங்கிப்பேட்டை, நாகப்பட்டினம், மசூலிப்பட்டினம் ஆகிய துறைமுகங்கள் வழியாகக் கடல் கடந்து போய்ச் செய்த ரகளை கொஞ்சமல்ல. துவைக்கத் துவைக்க நிறம் ஏறுகிற துணியை ஐரோப்பா அதற்குமுன் கண்டதில்லை. பிரபுக்களின் சீமாட்டி கட்டினாள். அவளைப் பார்த்து வேலைக்காரியும் கட்டினாள். அங்கிருந்த கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். பிரான்ஸ் 1686-ல் வண்ணத்துணிக்குத் தடை போட்டது; 1759 வரை அது நீங்கவில்லை. இங்கிலாந்தில் 1700-ல் ஒரு சட்டம் இறக்குமதியைத் தடுத்தது. 1719-ல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, சீட்டி உடுத்திய பெண்களின் ஆடைகளைக் கிழித்தார்கள். 1721-ல் பிறந்த இரண்டாவது சட்டம், உடுத்துவதே குற்றம் என்றது. 1774-ல்தான் அது தளர்ந்தது. நம் ஊர்த் திண்ணையில் ஒருவன் படிகாரத் தண்ணீரால் எழுதிய பூவுக்கு அஞ்சி இரண்டு பெரிய ராஜ்யங்கள் சட்டம் போட்டன!

தடை போட்டுவிட்டுச் சும்மா இருந்தார்களா? அதுதான் இல்லை. துணியை வெளியே நிறுத்திவிட்டு, வித்தையை உள்ளே கொண்டுவரப் பார்த்தார்கள். அந்தக் கதை எங்கே கிடைத்தது தெரியுமா? ஐந்து அலமாரிகளில் ஒன்றிலும் அல்ல. ஆறாவதாக, மத அலமாரியில் போய் முடிந்தது.

சேசு சபைப் பாதிரிமார்கள் கீழ்த்திசை நாடுகளிலிருந்து எழுதிய கடிதங்கள் பாரிசில் தொகுதி தொகுதியாக அச்சாகிவந்தன. அவற்றில் ஒன்று, நம் கிழக்குக் கரையிலிருந்து கேர்தூ பாதிரியார் 1742 ஜனவரியில் எழுதியது. சம்ஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க பாஷைகளுக்கும் உள்ள உறவை ஆரம்ப காலத்திலேயே கண்டு எழுதினாரே, அவரேதான். இந்தக் கடிதத்தில் ஆண்டவனைப் பற்றி அதிகம் இல்லை. கடுக்காய் இருக்கிறது, எருமைப்பால் இருக்கிறது, இரும்பு ஊறிய கஞ்சி இருக்கிறது. நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடி, அவுரித் தொட்டிக்காரனிடம் துணியைக் கொடுத்து வாங்குவது இருக்கிறது. படிகாரத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாதாகையால், எழுதிய இடத்தை அடையாளம் காணக் கொஞ்சம் பதிமுகக் கட்டைச் சாற்றைக் கலந்துகொள்வதுகூட இருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிற என்னைப் போன்றவன் சிவப்பைத் தீட்டுகிறான் என்று ஏமாந்துபோவது இதனால்தான் போலும். தண்ணீரின் சுவையைக்கூட அவர் விடவில்லை. எல்லாத் தண்ணீரிலும் இந்தச் சிவப்பு ஏறாது என்பதை எழுதியிருக்கிறார்.

இவ்வளவையும் அவருக்கு யார் சொன்னார்கள்? அதையும் அவரே எழுதுகிறார். அவர் ஞானஸ்நானம் செய்துவைத்த சாயக்காரர்கள் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர்கள் பெயர் கடிதத்தில் இல்லை.

அவருக்கும் சில வருஷங்களுக்கு முன், 1734-ஐ ஒட்டி, போலியு என்ற பிரெஞ்சுக் கடற்படை உத்தியோகஸ்தர் புதுச்சேரியில் இதே வேலையை வேறு விதமாகச் செய்தார். பாரிசில் து ஃபே என்ற விஞ்ஞானி இருந்தார். மின்சாரத்தில் இரண்டு வகை உண்டு என்று சொன்னவர். பிரான்சின் சாயத் தொழிலைச் சீர்படுத்தும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. அவருக்காக போலியு ஒரு சாயக்காரனின் பக்கத்தில் உட்கார்ந்து, வேலை முழுவதையும் பார்த்து எழுதினார். எழுதியதோடு விடவில்லை. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியிலிருந்து ஒரு துண்டைக் கத்தரித்து எடுத்துக்கொண்டார். அந்தத் துண்டுகளோடு கையெழுத்துப் பிரதி பாரிசுக்குப் போயிற்று. அங்குள்ள இயற்கைச் சரித்திர மியூசியத்தின் புத்தகசாலையில் இருநூறு வருஷங்களுக்கு மேல் கிடந்தது. ஷ்வார்ட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் அதை ஆராய்ந்து 1950-களில் வெளியிட்டார். ஆமதாபாத்திலிருந்து வந்த இந்திய ஜவுளிச் சரித்திரப் பத்திரிகையில் அது வந்தது. பின்னர் ஜான் இர்வினும் காதரின் பிரெட்டும் சீட்டித் துணியின் மூலத்தைப் பற்றி 1970-ல் எழுதிய புத்தகத்தில், போலியு, கேர்தூ, ராக்ஸ்பர்க் மூவரின் குறிப்புகளும் ஒருங்கே சேர்க்கப்பட்டன. நான் மூன்றையும் ஒரே மேஜையில் வைத்துப் படித்தது அந்தப் புத்தகத்தின் புண்ணியத்தில்தான்.

படித்த அன்று எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. ‘திருட்டுப் பயல்கள்!’ என்று நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன். ஒருவன் பாவமன்னிப்பு கொடுத்து வித்தையை வாங்கினான். இன்னொருவன் துணியையே கத்தரித்துக்கொண்டு போனான். இதைச் சொல்லிப் பெரியவருடைய கோபத்தையும் கிளறிவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. கேர்தூ பாதிரியாரின் கடிதத்தைத் தமிழில் எழுதிக்கொண்டேன். பாரிமுனையில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் அரைக் கிலோ இம்பூறல் வேரும் வாங்கிக்கொண்டு கும்பகோணத்துக்கு ரயில் ஏறினேன்.

பெரியவருக்கு எண்பது வயதிருக்கும். ஒடிசலான தேகம். விரல் நகங்களின் ஓரத்தில் கறுப்பு ஏறிப்போயிருந்தது. அது இனிப் போகாது.

“நீங்கதானா அந்தக் கதை எழுதினவரு? கார்டு போட்டது தப்பாப் போச்சோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்” என்றார்.

“தப்பு என்னுடையதுதான், ஐயா. அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஏழு மாசம் ஆச்சு” என்றேன்.

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கடிதத்தைப் படித்துக்காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எருமைப்பால் வந்த இடத்தில் கண்ணைத் திறந்தார். “பாலு சொல்லியிருக்கானா? அப்ப சரியான ஆளைத்தான் புடிச்சிருக்கான்” என்று சிரித்தார். தண்ணீரின் சுவை வந்தபோது தலையை ஆட்டினார். “எங்க தாத்தா கிணத்துத் தண்ணிய வாயில ஊத்திப் பாத்துட்டுத்தான் அடுப்பு மூட்டுவாரு” என்றார். ஓர் இடத்தில் மட்டும் என்னை நிறுத்தி, மறுபடி படிக்கச் சொன்னார். சொன்னவர்கள் யார் என்று பாதிரியார் எழுதிய இடம் அது.

“அவங்க பேரு போட்டிருக்கா, தம்பி?”

“இல்லை, ஐயா.”

“ஒருத்தர் பேருகூட இல்லியா?”

“இல்லை.”

அவர் கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுதான் சமயம் என்று நான் என் திருட்டுக் கட்சியை எடுத்துச் சொன்னேன். போலியு துணியைக் கத்தரித்த கதையையும் சொன்னேன். “முழுத் துணியையும் வீணாக்கிட்டானே பாவி!” என்று அதற்கு மட்டும் கோபித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “திருடுனான்னு நீங்க சொல்றீங்க. இருக்கலாம். ஆனா அவனுக்குக் கேக்கத் தெரிஞ்சிருக்கு. எங்க ஆளுங்க சொந்த மருமகனுக்குக்கூடச் சொல்ல மாட்டாங்க. எம் மகன் திருப்பூர்ல வேலை பாக்குறான். அவனும் கேக்கல, நானும் சொல்லல. இப்ப நீங்க வந்து, எந்தச் சீமைக்காரனோ எழுதினத எனக்குப் படிச்சுக் காட்டுறீங்க.”

எனக்குப் பதில் வரவில்லை.

உண்மையில் இந்தத் தொழிலைக் கெடுத்தது அந்த இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் குறிப்புகள் அல்ல என்பதை நான் பின்னால் உணர்ந்தேன். அவர்கள் எழுதியதை வைத்து யாரும் ஐரோப்பாவில் திண்ணையில் உட்கார்ந்து பூ எழுதவில்லை. படிகாரத்தின் சூட்சுமம் தெரிந்தவர்கள் அச்சுக்கட்டையால் ஒற்றினார்கள். தாமஸ் பெல் 1783-ல் உருளை அச்சு யந்திரத்துக்கு உரிமை வாங்கிய பிறகு கஜம் கஜமாக உருட்டித் தள்ளினார்கள். ஆலை நூலும் ஆலைத் துணியும் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வரத் தொடங்கின. இங்கே ஆதரித்த அரண்மனைகளும் போயின. கொள்ளிடக் கரையில் கொடாலிக் கருப்பூரில், சரிகையும் மெழுகுச் சாயமும் கலந்து தஞ்சை அரண்மனைக்கென்றே சேலை செய்துவந்தார்கள். 1855-ல் அந்த ராஜ்யத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்ட பிறகு அந்தச் சேலைக்குக் கிராக்கி இல்லாமல் போயிற்று. கடைசி அடி 1868-ல் விழுந்தது. சாயவேரில் சிவப்பைத் தருகிற அலிசரின் என்ற சத்தை ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இருவர் ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கடற்கரை மணலைத் தோண்ட யார் போவார்கள்?

1866-ல் இன்னொரு காரியமும் நடந்தது. ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளில் எழுநூறு மாதிரிகளைக் கத்தரித்து, பதினெட்டுத் தொகுதிகளில் ஒட்டி, இருபது பிரதிகள் செய்தார். பதின்மூன்று பிரிட்டனுக்கு, ஏழு இந்தியாவுக்கு. நம் ஜனங்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று பிரிட்டிஷ் ஆலைக்காரர்கள் பார்த்து நெய்து அனுப்புவதற்காக அந்த ஏற்பாடு. ஆனால் காலத்தின் வேடிக்கையைப் பாருங்கள். இன்று அந்தத் துணிகளில் பலவற்றை நெய்கிறவர் இல்லை. ஆலைக்காரனுக்காக ஒட்டிய துண்டுதான் அவற்றுக்குச் சாட்சியாக மிஞ்சி நிற்கிறது. கெட்ட எண்ணத்தோடு எழுதிய புத்தகமும் நல்ல நூல் நிலையத்தில் நூறு வருஷம் இருந்தால் திருந்திவிடும் போலிருக்கிறது.

மறுநாள் விடியற்காலையில் பெரியவர் எனக்கு அந்த வேலையைச் செய்து காட்டினார். கடுக்காய் ஏற்றிய துணி முன்பே தயாராக இருந்தது, இளமஞ்சளாக இருந்தது. மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, நுனிக்குச் சற்று மேலே கம்பளித் துண்டைச் சுற்றி நூலால் கட்டினார். அதைப் படிகாரத் தண்ணீரில் நனைத்துத் துணியில் ஒரு மாதுளம் பூவை எழுதினார். மாதுளையைத்தான் எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவராகவே எழுதினார். ஈரம் காய்ந்ததும் பூவைக் காணோம். எத்தனை உற்றுப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

நான் கொண்டுபோன வேரை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். “மருந்துக் கடை வேரு. பழசு. சத்து செத்துப்போயிருக்கும். பாப்போம்” என்றார். அவரே இப்போது கடைத் தூளைத்தான் போடுகிறார். வேர் போட்டு நாற்பது வருஷம் ஆயிற்றாம். செப்பு அண்டாவில் வேர் கொதித்தது, துணி கொதித்தது. குச்சியால் தூக்கிப் பார்ப்பதும் மறுபடி அமுக்குவதுமாக இரண்டு மணி நேரம் போயிற்று. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று நான் நோட்டுப் புத்தகத்தோடு நின்றேன். “போதும்னு தோணுறப்ப எடுக்கணும்” என்றார். கேர்தூ பாதிரியாருக்கும் இப்படித்தான் ஏதாவது பதில் கிடைத்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

அவருக்குத் தோன்றியபோது எடுத்தார். துணி முழுவதும் மங்கலான செம்மண் நிறம். நடுவில், யாரோ உள்ளேயிருந்து எழுதியதுபோல், அந்த மாதுளம் பூ. மங்கல்தான். பழைய வேரின் நிறம். ஆனால் அது எழுதிய பூ அல்ல, மலர்ந்த பூ. பெரியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பேத்தியைக் கூப்பிட்டு, “இங்க பாரு, இதான் உங்க கொள்ளுத் தாத்தா கலரு” என்றார்.

ஊருக்குத் திரும்பும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார். “அந்தச் சாமியார் எழுதினாப்பல, நான் சொன்னதையும் நம்ம பாஷையில எழுதிக் குடுங்க. பேரும் போடுங்க.” எழுதி அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து என் நோட்டுப் புத்தகமே தபாலில் திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு துண்டுத் துணி தைக்கப்பட்டிருந்தது. வெளுத்தது, கடுக்காய் போட்டது, கறுப்பு எழுதியது, படிகாரம் எழுதியது, வேரில் வெந்தது, சாணமும் வெயிலும் கண்டு வெளுத்தது. முழுத் துணியை வீணாக்கிவிட்டான் என்று போலியுவைத் திட்டியவர், தாமும் ஒரு துணியை அப்படியே வீணாக்கியிருந்தார்! படிகாரப் பக்கத்துத் துண்டில் ஒன்றுமே தெரியாது. அதன் கீழே பேத்தியின் கையெழுத்தில், ‘இங்கே பூ இருக்கிறது’ என்று எழுதியிருந்தது.

பெரியவர் இப்போது இல்லை. காளஹஸ்தியில் 1957-ல் ஏற்பட்ட பயிற்சி நிலையம் அந்தப் பக்கத்துக் கலம்காரிக்கு உயிர் கொடுத்தது. நம் பக்கத்துக் கருப்பூர்க் கலம்காரிக்கும் 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆகவே தொழில் அடியோடு அற்றுப்போகவில்லை என்று சந்தோஷப்படலாம். என் நாவலின் அடுத்த பதிப்பில் அந்த வாக்கியத்தையும் மாற்றிவிட்டேன். ‘படிகாரத் தண்ணீரால் பூவை எழுதிவிட்டு அடுப்பை மூட்டப் போனான்’ என்று இப்போது இருக்கிறது. பழைய வாக்கியம்தான் அழகு என்று ஒரு வாசகர் எழுதினார். இருக்கட்டும்.

ஒரு காரியம் மட்டும் பாக்கி. நூல் நிலைய இயலை நம் நாட்டில் வளர்த்த சீர்காழி ரங்கநாதன் 1931-ல் வகுத்த விதிகளில் ஒன்றின் கருத்து, எந்தப் புத்தகமும் தன் வாசகனை அடைந்தாக வேண்டும் என்பது. அந்த நோட்டுப் புத்தகம் இத்தனை வருஷமாக என் வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. சொந்த மருமகனுக்குக்கூடச் சொல்லாத சாயக்காரர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று சென்ற வாரம் தோன்றிற்று. அதை எடுத்துத் தூசி தட்டி, மேல் அட்டையில் பெரியவர் பெயரைப் பெரிதாக எழுதி, மேஜைமேல் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் எழும்பூருக்குக் கொண்டுபோகப் போகிறேன்.

எந்த அலமாரியில் வைப்பது என்று கேட்பார்கள். அது அவர்கள் பாடு.